கிணற்று நீர்மட்டமும் கோட்டுப் படமும்

கோடையில் கிணறு வற்றினால், "சென்ற ஆண்டும் இப்படித்தான்" என்பார் ஒருவர். "இல்லை, இவ்வாண்டு மிகவும் தாழ்ந்துவிட்டது" என்பார் மற்றொருவர். நினைவை மட்டும் நம்பினால் இவ்வழக்குத் தீராது. அளந்து எழுதிய கணக்கும், அதனைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் கோட்டுப் படமும் இருப்பின் ஊரார் ஒருமித்த முடிவுக்கு வர இயலும்.

இது புதிய முறையன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786-ஆம் ஆண்டிலேயே ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து நூல் வெளியிட்டார். பட்டியலில் மறைந்து கிடக்கும் ஏற்றத்தாழ்வைக் கோடு ஒரு நோக்கிலேயே காட்டிவிடுகிறது.

அளக்கும் முறை

அடிக்குறி இட்ட கயிற்றின் முனையில் கனமான பொருளைக் கட்டி, கிணற்றின் ஒரே இடத்திலிருந்து, மாதந்தோறும் ஒரே தேதியில் அளத்தல் வேண்டும். பம்புசெட்டு இரவு முழுவதும் ஓடாதிருந்த பின், காலையில் அளப்பதே சரியானது. இறைத்தவுடன் அளந்தால் கிணற்றின் இயல்பான மட்டம் தெரியாது.

வரையும் முறை

கட்டமிட்ட தாளில் கிடைக்கோட்டில் மாதங்களையும், நிலைக்கோட்டில் ஆழத்தையும் குறிக்கவும். தரைமட்டமாகிய பூஜ்யம் மேலே இருக்கட்டும். ஆழம் கீழ்நோக்கிப் பெருகட்டும். அப்போது நீர் இறங்கினால் கோடும் இறங்கும். மாத அளவுகளைப் புள்ளிகளாக இட்டு, வரிசையாக இணைக்கவும். அளக்காத மாதத்தை ஊகத்தால் நிரப்பாமல் இடைவெளியாகவே விடவும். எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே அளவுத்திட்டத்தைக் கையாளவும்; அது மாறினால் சிறிய இறக்கமும் பெரிதாகத் தோன்றும்.

படிக்கும் முறை

கோட்டில் இருவகை அசைவுகள் உண்டு. மழைக்குப்பின் ஏறுவதும் கோடையில் இறங்குவதும் பருவத்தின் அசைவு. அதனைக் கண்டு மகிழவோ அஞ்சவோ வேண்டுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் அசைவே கவனிக்கத்தக்கது. ஆகவே மே மாதத்தை மே மாதத்துடன் ஒப்பிடுக.

உதாரணமாக, ஒரு கிணற்றில் மே மாத ஆழம் மூன்று ஆண்டுகளில் முறையே 30, 33, 37 அடி எனக் கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் மழையில் நீர் ஏறியிருப்பினும், கிணறு ஏழு அடி இழந்துள்ளது. இதற்குக் காரணம் அறிய, அதே தாளில் மாத மழையளவையும் குறித்தல் நலம். மழை குறைந்து மட்டம் தாழ்ந்தால் பருவத்தின் குறையாக இருக்கலாம். மழை குறையாமலே தாழ்ந்தால், ஊறுவதைவிட இறைப்பது மிகுதி என ஐயுற இடமுண்டு. எனினும் ஒரு கிணற்றைக் கொண்டு ஊர் முழுவதற்கும் தீர்ப்புக் கூறலாகாது. மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சில கிணறுகளை அளந்து பார்க்க வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டில் நான்கு முறை அளக்கிறது. ஊரின் கணக்கை ஊரே மாதந்தோறும் வைத்திருந்தால் மேலும் பயன் விளையும். மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில் இப்படத்தைச் சுவரில் மாட்டி வைப்பீர்களாக. புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டுவதா, ஏரியைத் தூர் வாருவதா, அடுத்த போகத்தில் நெல்லா பயறா என்னும் கேள்விகளுக்கு விடை காண அக்கோடு துணைபுரியும். குடிநீர்க் கிணறு வற்றிய பின் வருந்துவதினும், கோடு இறங்கும்போதே கூடி முடிவெடுப்பது அறிவுடைமையாகும்.