பெயர் எழுதாத உபயம்

நம் பள்ளிகளில் மின்விசிறி, மேசை, குடிநீர்த் தொட்டி என எதைப் பார்த்தாலும் ஓரத்தில் ‘உபயம்’ என்ற சொல்லும் அதையடுத்து ஒரு பெயரும் இருக்கும். அதில் தவறில்லை. ஒருவர் கொடுப்பதைப் பார்த்து இன்னொருவர் முன்வருவார். ந.து.சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித்துறையை வழிநடத்திய காலத்தில், 1958 முதல் ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் கொடுத்ததும் பலர் அறியத்தான்.

பள்ளிக்குக் கொடுப்பதைப் பலர் அறியக் கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனுக்குக் கொடுப்பதை எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்வியை வகுப்பறையில் பேச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நட்புக்கு இரண்டு முகங்கள்

நான் பணியாற்றும் அவலூர்பேட்டையில் நட்பைப் பற்றிப் பாடம் எடுத்தால், பிள்ளைகள் முதலில் சொல்வது செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் கதையைத்தான். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துத் தேசிங்கு போருக்குப் புறப்பட்டபோது, அவருடைய இஸ்லாமிய நண்பர் தம் திருமணத்தையும் விட்டுவிட்டுக் களத்துக்கு வந்தார், இருவரும் உயிர் துறந்தார்கள் என்று கதைப்பாடல் சொல்கிறது. இது ஊரறிந்த நட்பு. ஊர் பார்த்ததால்தான் பாட்டாகவும் ஆனது.

நட்புக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைக் காட்ட 788ஆம் குறளைக் கரும்பலகையில் எழுதுவேன். இடுப்பிலிருந்து உடை நழுவும்போது கை எப்படித் தானாகச் சென்று பிடிக்கிறதோ, அப்படி நண்பனின் துன்பத்தைப் போக்குவதே நட்பு என்கிறார் வள்ளுவர். விரைந்து உதவ வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இக்குறளை நாம் கடந்துவிடுகிறோம். பிள்ளைகளிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கை எதைக் காப்பாற்றியது? மானத்தை. கை அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டதா? இல்லை. உடை நழுவியதே அடுத்தவருக்குத் தெரியாதபடி பிடித்ததில்தான் அந்தக் கையின் அருமை இருக்கிறது. நண்பன் நம்மிடம் வந்து ‘இல்லை’ என்று சொல்ல நேரும் முன்பே உதவி சேர்ந்துவிட வேண்டும்.

ஒரு மாணவி கற்றுத் தந்தது

ஓராண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சிக்கோட்டைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லத் திட்டமிட்டோம். தலைக்கு 150 ரூபாய். ஒரு மாணவி மட்டும், “கால் வலிக்குது சார், ராஜகிரி ஏற முடியாது, நான் வரல” என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் கோகோ விளையாடிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவளுடைய தோழி தனியாக வந்தாள். வாரச்சந்தைக்கு வரும் தாத்தா கொடுக்கும் பத்து ரூபாய்களை உண்டியலில் சேர்த்து வைத்திருந்தாளாம். வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்திருக்கிறாள். “அவ பேர்ல எழுதிக்குங்க சார். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எங்கூடப் பேசவே கூச்சப்படுவா” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பணம் கொடுத்த பிறகும் இருவரும் சரிசமமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய கவலை. நன்றிக்கடன் புகுந்துவிட்டால் சண்டை போடக்கூடத் தயங்க வேண்டியிருக்கும் என்பது பதின்மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் அந்த மாணவியைத் தனியே அழைத்து, “உனக்குப் பணம் கட்டியாச்சும்மா. யாருன்னு கேக்காதே, நான் சொல்ல மாட்டேன். திருப்பித் தரவும் வேண்டாம்” என்றேன். இதில் பொய் இல்லை. பெயர் மட்டும் இல்லை. சுற்றுலாவில் ராஜகிரியின் படிகளை இருவரும் போட்டி போட்டு ஏறினார்கள். தோழியின் முகத்தில் தெரிந்த நிறைவைப் புரிந்துகொள்ள அங்கே என்னைத் தவிர யாருமில்லை. மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவளைப் பாராட்டலாமா என்ற ஆசை எழுந்தது உண்மை. பாராட்டியிருந்தால் அவள் காப்பாற்றியது போயிருக்கும்.

அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலையில் சிலரிடம் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, ஒரு பகுதியினரைத் தங்களுக்கும் மற்றவர்களைப் பிறருக்கும் மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. ஐந்து ரூபாய்ப் பேனா கொடுக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி 1982இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, தம் செல்வத்தைப் பல ஆண்டுகள் பெயர் வெளியே தெரியாமலே கொடுத்துவந்தார். 1997இல்தான் உலகுக்குத் தெரிந்தது. 2020இல் அறக்கட்டளை பணியை முடித்துக்கொண்டபோது கொடுத்து முடித்த தொகை 800 கோடி டாலர். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ், ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது அதில் இரண்டாவது உயர்ந்த படி. எல்லாவற்றிலும் உயர்ந்தது, ஒருவர் இனி யாரிடமும் கேட்க வேண்டாதபடி தன் காலில் நிற்க வழிசெய்வது. விடுப்பில் இருந்த நண்பனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கும் மாணவன் அந்த முதல் படியில் நிற்கிறான்.

வகுப்பறையில்: மறைநண்பர் வாரம்

6 முதல் 10ஆம் வகுப்பு வரை செய்து பார்க்கலாம்.

1. திங்களன்று பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லுங்கள். வந்த பெயரை வெளியே சொல்லக் கூடாது.
2. ஐந்து நாளும் அந்த நண்பருக்குத் தெரியாமல் நாளுக்கு ஓர் உதவி. காசு செலவிடக் கூடாது. தண்ணீர்ப் புட்டியை நிரப்பி வைப்பது, கிழிந்த நோட்டுக்கு அட்டை போடுவது, விடுபட்ட பாடக் குறிப்பை எழுதிப் புத்தகத்துக்குள் வைப்பது போன்றவை போதும்.
3. வெள்ளியன்று, தமக்குக் கிடைத்த உதவியையும் அப்போது மனத்தில் தோன்றியதையும் ஐந்து வரிகளில் எழுதட்டும். யார் செய்தது என்ற ஊகம் வேண்டாம்.
4. இறுதியிலும் பெயர்களை வெளியிடாதீர்கள். சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள். மதிப்பெண், பரிசு எதுவும் கூடாது.

தொடக்க வகுப்புகளில் ஒரு நாள் மட்டும், ஓர் உதவி மட்டும் போதும். செய்ததை உடனே சொல்லிவிடும் குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். மறைத்து வைக்கும் மகிழ்ச்சி பழகப் பழகத்தான் வரும்.

ஆசிரியர் கவனத்துக்கு

இரகசியம் உதவிக்கு மட்டும்தான். ஒரு பிள்ளை பசியோடு வருவதோ, அடிபடுவதோ, படிப்பை நிறுத்தும் நிலையில் இருப்பதோ நண்பர்கள் மூடிவைக்க வேண்டியவை அல்ல. ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், தேவையானால் 1098 அல்லது 14417 எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் இதே பாடத்தில் சொல்லிவிடுங்கள்.

நம் பங்கும் உண்டு. “பணம் கட்டாதவங்க எழுந்திருங்க” என்ற ஒரு வரி, ஒரு பிள்ளையின் மானத்தை வகுப்பின் நடுவில் நிறுத்திவிடும். உதவித்தொகைப் பட்டியலை உரக்கப் படிப்பதும் அப்படியே. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகவே சாப்பிடுகிறார்கள். வீட்டில் சமைத்த பிள்ளை யார், சமைக்காத பிள்ளை யார் என்று அந்தத் தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் வகுப்பில் நடக்கும் ஒவ்வொரு உதவியும் அந்தத் தட்டைப் போல இருக்கட்டும்.