ஃபிளாஷ் ஸ்டாண்டு சாயாமல் நிற்க...

நம் சங்க விழாக்களில் ஆர்வத்தோடு படம் எடுக்கும் அன்பர்கள் பலர் உண்டு. காமிராவின் தலையில் ஃபிளாஷைச் செருகி எடுத்தால் முகம் தட்டையாகத் தெரியும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. அதே ஃபிளாஷைக் கழற்றி ஒரு ஸ்டாண்டின் மீது பொருத்தி, பக்கவாட்டில் 45 டிகிரி கோணத்தில், தலைக்குச் சற்று மேலிருந்து ஒளி விழும்படி செய்தால், மூக்கும் கன்னமும் இயல்பான வடிவம் பெறும். வெள்ளைக் குடையில் பட்டு வரும் ஒளியாக இருந்தால் நிழலும் மென்மையாகும்.

ஒளி அமைப்பைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஸ்டாண்டு விழாமல் நிற்பது எப்படி என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை. குழந்தைகள் ஓடியாடும் கூடத்தில் முதலில் கற்கவேண்டியது அதுவே.

1887-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த ஃபிளாஷ் பொடியை உருவாக்கினார்கள். அந்தப் பொடி எரிந்து கைகளைச் சுட்டதும் உண்டு, தீ விபத்து நேர்ந்ததும் உண்டு. இன்றைய எலக்ட்ரானிக் ஃபிளாஷில் அந்த நெருப்பு இல்லை. இன்று ஆபத்து வருவது உயரத்திலிருந்துதான்.

ஏன் விழுகிறது?

ஸ்டாண்டின் மூன்று கால்களும் நடுத்தண்டிலிருந்து 45 செ.மீ. தூரத்தில் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். மூன்று பாதங்களையும் கோட்டால் இணைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். நடுவிலிருந்து ஒரு பாதத்துக்கு 45 செ.மீ. ஆனால் இரண்டு பாதங்களுக்கு இடைப்பட்ட பக்கத்துக்கு அதில் பாதிதான், அதாவது 22.5 செ.மீ. ஆகவே ஸ்டாண்டு ஒரு காலின் பக்கம் சாய்வதைவிட, இரு கால்களுக்கு இடையே சாய்வது மிக எளிது.

ஸ்டாண்டு 1.5 கிலோ, ஃபிளாஷும் குடையும் பிடிப்பானும் சேர்ந்து 1 கிலோ, ஆக மொத்தம் 2.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2.4 மீட்டர் உயரத்தில் அதைத் தள்ளிச் சாய்க்க எவ்வளவு விசை வேண்டும்? 2.5-ஐ 22.5-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் சுமார் 0.23 கிலோ வருகிறது. கால் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கும் அளவு விசைகூடத் தேவையில்லை! விரித்த குடையில் மோதும் காற்றே அதற்குப் போதும்.

அடியில் 5 கிலோ மணல் பை வைத்தால் அதே கணக்கு 0.70 கிலோ ஆகிறது. மூன்று மடங்கு உறுதி. உயரத்தையும் 1.8 மீட்டராகக் குறைத்தால் 0.94 கிலோ. அடியில் எடை, உச்சியில் அளவான உயரம் என்ற இரண்டும் சேர்ந்தால் உறுதி நான்கு மடங்காகிவிடுகிறது.

நிறுத்தும் முறை

1. கால்களை முழுமையாக விரியுங்கள். இடம் போதவில்லை என்று பாதி விரித்து நிறுத்துவது தவறு. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டாண்டே வேண்டாம். நண்பர் ஒருவர் கையில் பிடித்துக்கொள்ளட்டும்.

2. குடை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்தை நோக்கி ஒரு கால் இருக்கவேண்டும்.

3. மணல் பையை முதலில் வையுங்கள். ஃபிளாஷைப் பிறகு பொருத்துங்கள். பை காலின் மீது, நடுத்தண்டை ஒட்டிப் படிந்திருக்கவேண்டும். ஊசலாடும்படி தொங்கவிடக் கூடாது.

4. உச்சியில் உள்ள உலோக முனையில் ஒரு பள்ளம் இருக்கும். பிடிப்பானின் திருகு அந்தப் பள்ளத்தில் பதியும்படி முடுக்குங்கள். ஃபிளாஷின் அடிப்பகுதி பெரும்பாலும் பிளாஸ்டிக். அது விரிசல் விட்டால் ஃபிளாஷ் நேரே கீழேதான் வரும். ஃபிளாஷின் கழுத்தைப் பிடிப்பானோடு ஒரு மெல்லிய கயிற்றால் கட்டிவிடுவது நல்லது.

5. எல்லாம் பொருத்திய பிறகே உயர்த்துங்கள். தடித்த குழாயை முதலிலும் மெல்லிய குழாயைக் கடைசியிலும் நீட்டவேண்டும். ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, மறு கை திருகைத் தளர்த்தட்டும். இல்லாவிட்டால் குழாய் சரிந்து விரல் நசுங்கும்.

மணல் பைக்குக் கடையைத் தேடவேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி ஒரு முனையைத் தைத்து, பாலிதீன் பையில் கட்டிய 5 கிலோ மணலை உள்ளே வைத்து மறுமுனையையும் தைத்துவிடலாம். வெளியூர் என்றால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைத் துணிப்பையில் போட்டு வைத்தால் 4 கிலோ ஆயிற்று. செங்கல் வேண்டாம், அது வழுக்கும், காலிலும் இடிக்கும்.

கம்பியும் டிரிக்கரும்

கம்பி மூலம் இணைப்பவர்கள், அதை ஸ்டாண்டின் காலடியில் ஒருமுறை சுற்றிக் கட்டவேண்டும். யாராவது தடுக்கினாலும் இழுப்பு அடியில்தான் விழும், உச்சியில் விழாது. நடைபாதையில் உள்ள கம்பியைத் துணி டேப்பால் முழு நீளமும் ஒட்டுங்கள். ரேடியோ டிரிக்கர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒளியைக் கண்டு இயங்கும் ஸ்லேவ் கூட்டத்துக்கு ஏற்றதல்ல; அடுத்தவர் ஃபிளாஷ் அடித்தாலும் அது இயங்கிவிடும்.

பரணில் கிடக்கும் பழைய ஃபிளாஷை டிஜிட்டல் காமிராவில் நேரடியாகச் செருகாதீர்கள். சில பழைய மாடல்களின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். காமிராவின் மின்சுற்று கெட்டுவிடலாம். எந்த ஃபிளாஷையும் பிரித்துப் பார்க்கவும் கூடாது. பாட்டரியைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

கூடத்தில் கவனிக்கவேண்டியவை

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். சித்திரைத் திருநாளில் மின்விசிறி ஓடாத கூடம் ஏது? உயர்த்திய குடையின் கம்பி இறக்கையில் பட்டால் எல்லாம் சிதறும். ஆளுயர மின்விசிறியின் காற்றுக்கு நேரிலும் நிறுத்தவேண்டாம். குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு ஆகியவற்றின் அருகே குடையைக் கொண்டுபோகாதீர்கள்; அதன் துணி எளிதில் தீப்பற்றும். திறந்தவெளியில் குடை பாய்மரம் போல் காற்றை வாங்கும். அங்கே மணல் பையோடு, பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் அவசியம்.

ஸ்டாண்டைச் சுவர் ஓரமாகவோ மூலையிலோ வையுங்கள். வாசல், படிக்கட்டு, சாப்பாட்டு வரிசை ஆகியவை கூடாது. கைக்குழந்தையின் முகத்துக்கு ஃபிளாஷ் குறைந்தது 1 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பரதநாட்டியம் நடக்கும்போது மேடையோரம் ஃபிளாஷ் அடிப்பதைத் தவிருங்கள். சுழலும் பெண்ணின் கண் கூசினால் அடி தவறும். நிகழ்ச்சி முடிந்ததும் குழுவாக நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றும்போது வரிசை தலைகீழ். முதலில் உயரத்தை இறக்குங்கள், அடுத்து குடையையும் ஃபிளாஷையும் கழற்றுங்கள், மணல் பையைக் கடைசியில் எடுங்கள். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று பையை முதலில் உருவுபவர்கள் உண்டு. ஸ்டாண்டு சாய்வது பெரும்பாலும் அப்போதுதான். படம் சரியாக வராவிட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் தலையில் விழுந்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது.