பிரேம் கடைக்கு ஏற்ற விலைக் கணக்கு மென்பொருள்



படத்துக்குப் பிரேம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் முன்கூட்டி ஒட்டிவைக்கும் விலைச் சீட்டு கிடையாது. ஷா ஆலத்தில் யூ.ஐ.டி.எம். பட்டதாரி ஒருவர் சான்றிதழைக் கொண்டு வருவார். அடுத்தவர் ஆயத்துல் குர்ஸி எழுதிய துணியைக் கொண்டு வருவார். ஒன்றின் அளவு மற்றொன்றுக்கு இராது. கல்லாவில் இருப்பவரோ அப்போதே விலை சொல்லியாக வேண்டும். காலையில் முதலாளி சொன்ன விலை ஒன்று, மாலையில் கடைப் பையன் சொன்ன விலை வேறொன்று என்றால் வாடிக்கைக்காரரின் நம்பிக்கை போய்விடும். சொல்லிச் செய்யும் பொருளுக்கு விலை இரு தரப்புக்கும் முன்பே தெளிவாக இருக்க வேண்டுமென்பது நாம் மதரஸாவில் ஓதிய பாடமுமாகும். இதன் பொருட்டே விலை கணிக்கும் மென்பொருள் தேவைப்படுகிறது. அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். மென்பொருள் வெறும் தராசுதான். எடைக்கல்லை வைப்பவர் நாமே. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரேம் கடைகளுக்கென்றே செய்த மென்பொருள்கள் உண்டு. அந்நாட்டு மொத்த வியாபாரிகளின் விலைப் பட்டியல் அவற்றோடு சேர்ந்து வரும். நம் சரக்கு நம்மூர் மொத்தக் கடையிலிருந்து வருவதால் அப்பட்டியலால் நமக்குப் பயனில்லை. ஆகவே நம் கொள்முதல் விலையை நாமே ஏற்றவும், விலை மாறினால் நாமே திருத்தவும் இடம் தருகிறதா என்பதே முதற்கேள்வி.

இரண்டாவது, மோல்டிங் கணக்கு. 16க்கு 20 அங்குலப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் கூட்டினால் 72 அங்குலம், அதாவது 6 அடி. 2 அங்குல அகலமுள்ள மோல்டிங்கை மூலைக்கு மூலை சாய்த்து வெட்டும்போது ஒவ்வொரு பக்கமும் வெளியோரத்தில் 4 அங்குலம் கூடும். ஆக ஏறத்தாழ 88 அங்குலம், 7 அடி 4 அங்குலம் செலவாகிறது. அடி 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 30 வெள்ளி என்று கணித்த இடத்தில் அசல் செலவு 36 வெள்ளி 67 காசு. மோல்டிங்கின் அகலத்தைக் கேட்காத மென்பொருள் ஒவ்வொரு பிரேமிலும் நம் முதலைத் தின்றுவிடும்.

மூன்றாவது, மவுண்ட் அட்டை. வழக்கமான முழு அட்டை 32க்கு 40 அங்குலம். அதில் 18க்கு 22 அளவுத் துண்டின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் எப்படித் திருப்பி வைத்து வெட்டினாலும் இரண்டு துண்டுகளுக்கு மேல் கிடைக்காது. பரப்பை மட்டும் பார்க்கும் மென்பொருள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விலை போடும். நமக்குச் செலவாவதோ அரை அட்டை. கண்ணாடிக்கும் இதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

நான்காவது, கூலி. கடை வாடகை, மின்சாரம், சம்பளம் மூன்றையும் கூட்டி, மாதத்தில் உண்மையாக வேலை நடக்கும் மணிகளால் வகுத்தால் ஒரு மணி வேலையின் செலவு தெரியும். வெட்டுதல், மூலை இணைத்தல், கண்ணாடி துடைத்தல், பின்பக்கம் ஒட்டுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே நேரம் குறிக்க மென்பொருளில் இடமிருக்க வேண்டும்.

ஐந்தாவது, நாட்டு விதிகள். 2008 ஏப்ரல் முதல் ரொக்கப் பில்லின் மொத்தத் தொகை 5 காசுக்குச் சரிப்படுத்தப்படுகிறது. மென்பொருள் மொத்தத்தை மட்டும் சரிப்படுத்த வேண்டுமே தவிர, ஒவ்வொரு வரியையும் அல்ல. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்கு மேல் 50 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 2026 ஜனவரி முதல் மின் விலைப்பட்டியல் முறை வந்துவிட்டது. அந்த வரம்பில் உள்ளவர்கள், மென்பொருள் மைஇன்வாய்ஸோடு இணையுமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

பணம் கட்டுமுன் பழைய பில்கள் பத்தை எடுத்து, இலவசச் சோதனைக் காலத்திலேயே கணித்துப் பார்ப்போமாக. அசல் செலவோடு ஒத்து வராவிட்டால் காரணம் தெரியும்வரை வாங்க வேண்டாம். மாத வாடகை மென்பொருளானால், நாளை அதை விட்டு விலகும்போது நம் விலைப் பட்டியலும் வாடிக்கைக்காரர் விவரமும் நம் கைக்கு வருமா என்றும் கேட்க வேண்டும். அவ்விவரம் நம்மிடமுள்ள அமானிதம். நாளுக்கு இரண்டு மூன்று பிரேம் போடும் சிறு கடைக்கு, மேற்சொன்ன கணக்குகளை எக்செல் தாளில் எழுதி வைத்தாலே போதும்.

கடைசியாக ஒரு சொல். சேதாரம் எத்தனை சதவீதம் என்று மென்பொருள் கேட்கும். நாம் எழுதிய எண்ணை வாடிக்கைக்காரர் பார்க்கமாட்டார். மீந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சிறு பிரேம்களுக்கு உபயோகிக்கும் கடை, எல்லாப் பில்லிலும் முழுச் சேதாரத்தை ஏற்றுவது நியாயமாகுமா? அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதாகவே திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயமான அல்முதஃப்பிபீன் தொடங்குகிறது. தையற்கடை, திரைச்சீலைக் கடை, அலமாரிப் பட்டறை என அளவெடுத்துச் செய்யும் நம் சகோதரர் யாவருக்கும் இது பொருந்தும். நமக்கு நஷ்டமில்லாமலும் பிறர் ஹக்கில் கை வைக்காமலும் உள்ள எண்ணையே அந்தக் கட்டத்தில் எழுதுவோமாக. வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.