“நான் டேக் நம்பரே சொல்லலையே!”

டெங்கிலில் ஒரு மளிகைக் கடை வாசலில் அக்கா ஒருவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாக மாறியபோது தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பம் அவருடையது. “தம்பி, இது நெசமான்னு பாரு.” பார்சலில் முகவரி சரியில்லையாம், ஒரு வெள்ளி ஐம்பது காசு கட்டினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். கீழே நீல நிறத்தில் ஒரு லிங்க். “ஒன்றரை வெள்ளிதானே, போனாப் போவுது” என்றார்.

போவது ஒன்றரை வெள்ளி இல்லை. அந்தப் பக்கத்துக்குப் போனால் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கேட்பார்கள். தொகையைச் சின்னதாக வைப்பதே நாம் யோசிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தக் கடையிலிருந்து சைபர்ஜெயாவுக்குக் கார் ஏறினால் அதிக நேரம் ஆகாது. சைபர்ஜெயாவே டெங்கில் முக்கிமில் அடங்கியதுதான். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் எம்சிஎம்சி, சைபர்செக்யூரிட்டி மலேசியா இரண்டுக்கும் தலைமையகம் அங்கேதான். கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் சாமி கும்பிட நாம்தான் எழுந்து போக வேண்டும் என்பது போல, இதிலும் நம் பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

“எஸ்எம்எஸ்ல லிங்க் வரக்கூடாதுன்னு தடுத்துட்டாங்களே, அதையும் மீறி வந்தா நெசம்தானே?” என்றார் ஒருவர். தடுப்பு வந்தது உண்மை. 2023 மே மாதத்திலிருந்து எம்சிஎம்சி அதைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தடுப்பு தொலைபேசி நிறுவனங்களின் வழியாகப் போகும் செய்திகளுக்கு மட்டும்தான். போலித் தொலைத்தொடர்புக் கோபுரக் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றும் கும்பல்களைப் போலீஸ் பிடித்திருக்கிறது. அருகில் இருக்கும் கைபேசிகள் அதை உண்மையான கோபுரம் என்று நம்பி ஒட்டிக்கொள்ளும். செய்தி நேராக வந்து விழும், எந்த நிறுவனத்தின் வடிகட்டியையும் அது தொடுவதில்லை. அனுப்புநர் பெயர் வெறும் எழுத்துதான், எதை வேண்டுமானாலும் போடலாம். அதனால்தான் உங்கள் வங்கி நேற்று அனுப்பிய உண்மையான செய்திக்குக் கீழேயே, அதே வரிசையில், போலியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

“மேலே பூட்டுப் படம் இருந்தா பயமில்ல.” இது பழைய பாடம். பூட்டு என்பது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அடையாளம். தளத்தை நடத்துகிறவன் திருடனாக இருந்தால், அவனோடு மட்டும் ரகசியமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். ஏறக்குறைய எல்லா மோசடிப் பக்கங்களும் பூட்டோடுதான் வருகின்றன என்று சொல்லி, 2023 செப்டம்பரில் கூகுள் தன் குரோமில் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. பார்க்க வேண்டியது முகவரியில் ‘எச்டிடிபிஎஸ்’ பகுதிக்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசித் துண்டை. அரசாங்கத் தளம் என்றால் அது ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடியும். அதே எழுத்துகள் நடுவில் வந்து, கடைசியில் ‘டாட் டாப்’ என்று முடிந்தால், வாசலில் இருப்பது வேறொருவன்.

அடுத்தது, நான் அடிக்கடி கேட்பது: “டேக் நம்பரச் சொல்லாதவரைக்கும் பணம் எப்படிப் போவும்?”

போகும். 2023-இல் புலனத்தில் கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு சுற்றியது. அதற்கு முன்பே, வீடு சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறோம் என்ற விளம்பரத்தோடு இதே தந்திரம் ஓடியது. கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும். அது படமோ கடிதமோ இல்லை, ஆண்ட்ராய்டு கைபேசியில் ஏறி உட்காரும் ஒரு செயலி. பிளே ஸ்டோர் வழியாக வராததால் முதலில் கைபேசியே எச்சரிக்கும், நாம்தான் ‘பரவாயில்லை’ என்று அமுக்குவோம். பிறகு அந்தச் செயலி எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும், அதையும் கொடுப்போம். வங்கி நுழைவுப் பக்கம் போல ஒன்றைக் காட்டிக் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். அதன்பின் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸில் வரும் டேக் எண்ணை அதுவே படித்து அனுப்பிவிடும். நீங்கள் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள். எஸ்எம்எஸ் டேக்கை விட்டுவிட்டுச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கும் முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளிடம் சொன்னதற்கு இப்படிப்பட்ட களவுகள்தான் காரணம். வங்கியின் புதிய முறை தொல்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தொலைபேசியில் வருவது வேறு ரகம். முதலில் கூரியர் ஆள். உங்கள் பெயரில் பார்சல், உள்ளே போதைப்பொருள். பிறகு ‘சுங்க அதிகாரி’, அப்புறம் ‘இன்ஸ்பெக்டர்’. கடைசியில், “விசாரணை முடியும்வரை பணத்தை பேங்க் நெகாரா கணக்கில் பத்திரமாக வையுங்கள்” என்பார்கள். பேங்க் நெகாராவில் பொதுமக்களுக்குக் கணக்கே கிடையாது. “படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க” என்று ஓர் ஆசிரியர் சிரித்தார். இந்த வலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் விழுந்திருக்கிறார்கள். ஐசி எண்ணைத் தெளிவாகச் சொல்லி மிரட்டினால் யாருக்கும் கை நடுங்கும்.

அரசாங்கத்தின் சாரா உதவியையும் மோசடிக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டிலேயே 100 வெள்ளி ஏறியது. பதிவு செய்ய எதுவும் இல்லை. ‘பதிவு செய்ய இங்கே அழுத்தவும்’ என்று வந்தவை எல்லாம் பொய்.

“செமாக் மியூல்ல தட்டிப் பாத்தேன், கணக்கு சுத்தம்” என்பதும் அரைகுறை நிம்மதிதான். புகார் வந்த கணக்குதான் போலீசின் அந்தத் தளத்தில் தெரியும், மோசடிப் பணத்தைக் கைமாற்ற நேற்று திறந்த ‘கழுதைக் கணக்கு’ தெரியாது. சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டை ‘வாடகைக்கு’ விடும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. இதற்கென்றே சேர்த்த தண்டனைச் சட்டத் திருத்தம் 2024 அக்டோபர் 31-இல் அமலுக்கு வந்துவிட்டது, சிறை உண்டு.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம். உடனே வங்கியின் மோசடிப் புகார் எண், அல்லது 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையம் அது. பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். போலீஸ் புகாரும் கொடுக்க வேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப என் பேரனோட சப்பாத்து?” என்றார். ஆமாம், அவர் உண்மையிலேயே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தார். லிங்க்கைத் தொடாமல், அவர் வாங்கிய கடையின் செயலியைத் திறந்து பார்த்தோம். முந்தாநாளே கொடுத்தாகிவிட்டது என்று படத்தோடு இருந்தது. படத்தில் பக்கத்து வீட்டு இரும்புக் கதவும் அதற்குக் கீழே ஒரு பெட்டியும்.

“அடப்பாவி, அவ சொல்லவே இல்லையே” என்று கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பினார்.