சம்பா விதை வாங்கும் முன் கைபேசியில் தேடும் முறை

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் சம்பா நெல்லுக்குப் பெரிய ஆபத்து வெள்ளம். நவம்பர், டிசம்பரில் வீராணம் நிரம்பி, கொள்ளிடத்திலும் தண்ணீர் மிகுந்து வரும்போது தாழ்வான வயல்களில் பயிர் நாட்கணக்கில் மூழ்கி அழுகுகிறது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய வயலுக்கு எந்த இரகம் ஏற்றது என்பதை இப்போது கைபேசியிலேயே தேடி அறியலாம். ஆனால் கேட்கும் விதமாகக் கேட்க வேண்டும்.

‘நல்ல நெல் விதை’ என்று பொதுவாகத் தேடினால் விதை விற்போரின் விளம்பரங்களே முன்னால் வந்து நிற்கும். பயிர், பருவம், பிரச்சினை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்பதே முறை. ‘சம்பா நெல் வெள்ளம் தாங்கும் இரகம்’ என்று கேட்டுப் பாருங்கள், சி.ஆர். 1009 சப்-1 என்ற பெயர் எதிர்ப்படும். தட்டச்சு வராதவர்கள் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே போதும்.

இங்கே கவனம் தேவை. ‘சி.ஆர். 1009’ என்று மட்டும் தேடினால் கிடைப்பது பழைய இரகம். நம்மிடம் பொன்மணி என்றும் ஒடிசாவில் சாவித்திரி என்றும் வழங்குவது அதுவே. ‘சப்-1’ என்பது மூழ்குவதைத் தாங்கும் மரபணு. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றின் வழியாக வந்தது. இதைச் சேர்த்து உருவாக்கிய இரகம், தூர்கட்டும் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் தண்ணீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கும். கதிர் வந்தபின் மூழ்கினால் இக்குணம் உதவாது. தேடும்போது ‘சப்-1’ விடுபட்டால் ஒரு நெல்லைப் பற்றிப் படித்துவிட்டு வேறு நெல்லின் மூட்டையை வாங்கி வந்துவிடுவோம். ஆகவே பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணோடு ஒருமுறை இட்டுப் பார்க்கவும்.

பெயர் தெரியாதபோது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்துக்கே நேராகச் செல்லலாம். அதில் தமிழ்ப் பகுதியும் உண்டு. கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக வீராணத்துக்கும், அங்கிருந்து மதகு, வாய்க்கால் என்று நம் வயலுக்கும் தண்ணீர் வருவது போலத்தான் அத்தளமும். வேளாண்மை, தானியங்கள், நெல், இரகங்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்க வேண்டும். வழி தவறினால் மூடிவிட வேண்டாம். பின் செல்லும் அம்புக்குறியைத் தொட்டு ஒரு மதகு மேலே ஏறி, வேறு வாய்க்காலில் இறங்கலாம்.

பூச்சி, நோய் பற்றித் தேடுவோர் முகவரியையும் தேதியையும் பார்த்த பிறகே மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிந்தால் அரசுத் தளம், ‘ஏ.சி. டாட் இன்’ என்று முடிந்தால் கல்வி நிறுவனத்தின் தளம். ஆனாலும் பழைய பக்கங்கள் எங்கும் இருக்கும். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தடை செய்தது. அதற்கு முன் எழுதிய பக்கத்தில் அம்மருந்தும் அளவும் அப்படியே இருக்கக்கூடும். தேதி இல்லாத பக்கத்தை நம்பித் தெளிக்க வேண்டாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பயிர்க் காப்பீட்டுக்காகப் பட்டா, சிட்டா தேடுவோர் தடுமாறும் இடம் வேறு. பழைய பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம், சிதம்பரம் வட்டம் என்றிருக்கும். 1993-இல் தென்னாற்காடு பிரிந்து கடலூர் மாவட்டம் உருவானது. பின்னர் புவனகிரியும் ஸ்ரீமுஷ்ணமும் தனி வட்டங்களாயின. அரசின் மின்சேவைத் தளத்தில் இன்றைய வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் கிராமத்தின் பெயர் பட்டியலில் வரும். ‘என் ஊரையே காணோம்’ என்று கவலைப்படுவோரில் பலருக்கு ஊர் அடுத்த வட்டத்தில் இருக்கிறது! புல எண்ணோடு உட்பிரிவு எண்ணையும் சரியாக இட வேண்டும்.

காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் தளம் திறக்கத் தாமதமாகலாம். நாற்று விட்ட வாரத்திலேயே பட்டாவை எடுத்து, பெயரும் பரப்பும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, ஒரு பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளவும்.