குடியை நிறுத்தினால் வலிப்பா?

கேள்வி: பல வருடமாகக் குடித்த என் கணவர் திடீரென நிறுத்தினார். மறுநாளே வலிப்பு வந்துவிட்டது. இனி ஆயுள் முழுக்க வலிப்பு மாத்திரை போட வேண்டுமா? – ஒரு வாசகி, தேனி

பதில்: குடியை நிறுத்தியதால் மட்டும் வரும் வலிப்புக்கு ஆயுள் மாத்திரை தேவையில்லை. மது, மூளையை அடக்கும் காபா அமைப்பைத் தூண்டுகிறது. அதை ஈடுகட்ட, நாள்பட்ட குடியில் மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது சட்டென நின்றால் பிரேக் இல்லாத வண்டிதான். பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருவது இதனால்தான்.

இதற்கான மருந்துகள், காபாவுக்குத் துணைபோகும் டயஸெபாம், லோராஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு. சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்படும். கல்லீரல் கெட்டவர்களுக்கு லோராஸெபாமே உகந்தது. வலிப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் ஃபெனிடாயின் இந்த வலிப்பைத் தடுப்பதில்லை. கூடவே வைட்டமின் பி1 ஊசியும் போடப்படும். தலையில் அடிபட்டிருந்தாலோ, குடியை நிறுத்தியதற்குத் தொடர்பில்லாமல் வலிப்பு வந்தாலோ கணக்கு வேறு, ஸ்கேன் அவசியம்.

குடி ஆவலைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் உண்டு. டைசல்பிராம் மாத்திரை சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரும்; வலிப்பு கண்டவருக்குப் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள். அந்த மாத்திரையைச் சாம்பாரில் ரகசியமாகக் கலப்பது யாருக்குமே ஆபத்து.

மறுபடி குடித்து மறுபடி நிறுத்தினால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். மறுபடி குடிக்க நேர்ந்தால், அடுத்த நிறுத்தம் மருத்துவமனைப் படுக்கையில்தான் நடக்க வேண்டும்.