நாளும் ஒரு படம்: ஓவியர் மரியோ மிராண்டா

நுழையும்முன்

வார இதழ் ஒன்றைப் புரட்டும்போது நம் கண் முதலில் படத்தில்தான் நிற்கிறது. படம் பிடித்திருந்தால் அதன் அருகிலுள்ள கதையைப் படிக்கத் தொடங்குகிறோம். கதையை எழுதியவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்கிறோம். படத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் ஓவியரின் பெயரைப் பலர் பார்ப்பதே இல்லை.

‘பொன்னியின் செல்வன்’ புதினம் 1950களில் ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்தபோது அதற்குப் படங்கள் வரைந்தவர் ஓவியர் மணியம். வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப்பாருங்கள். அவர்கள் சொல்லும் உருவம் மணியத்தின் தூரிகையில் பிறந்ததாகவே இருக்கக்கூடும்.

இதழ்களுக்கு வரைவோருள் சிலர் மாத ஊதியம் பெறுவோர். வேறு சிலர் எந்த நிறுவனத்திலும் நிலையான பணியில் அமராமல், கேட்பவர்க்கெல்லாம் வரைந்து கொடுத்து, படத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுவோர். இவர்களைத் தனித்தியங்கும் ஓவியர் எனலாம். பிறர் கேட்பதையே நாளெல்லாம் வரையும் ஒருவர், தம் மனம் விரும்புவதை எப்பொழுது வரைவார்? இவ்வினாவுக்குக் கோவாவைச் சேர்ந்த மரியோ மிராண்டாவின் வாழ்க்கை விடை தருகிறது. அவர் ஊதியம் பெற்றும் பணியாற்றினார், தனித்தியங்கியும் வாழ்ந்தார். இரு நிலைகளிலும் ஒரு பழக்கத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. அதனை இப்பாடத்தில் காண்போம்.

சுவரிலிருந்து ஏட்டுக்கு

மரியோ மிராண்டா 1926ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் டாமனில் பிறந்தார். கோவாவிலுள்ள லூட்டோலிம் என்னும் சிற்றூர் அவர்தம் முன்னோர் ஊர். அக்காலத்தில் டாமனும் கோவாவும் போர்ச்சுகல் நாட்டின் ஆட்சியில் இருந்தன. 1961ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அவை இந்தியாவுடன் இணைந்தன.

சிறுவன் மரியோவுக்கு வீட்டின் சுவர்களே படம் வரையும் தாள்களாயின. சுவரெங்கும் கோடுகளைக் கண்ட தாய், அவனைக் கடிந்து நிறுத்திவிடாமல் வெற்றுத்தாள்களாலான ஏடு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மரியோ அதனைத் தன் நாட்குறிப்பு என்று அழைத்தான். நாட்குறிப்பில் பிறர் எழுதுவார்கள்; அவனோ வரைந்தான். அன்று வீட்டுக்கு வந்தவர் யார், தெருவில் நடந்தது என்ன என்பனவெல்லாம் படங்களாக அதில் இடம்பெற்றன. பாதிரியார்களையும் வேடிக்கையாக வரைந்ததால் பள்ளியில் தண்டனையும் பெற்றான்.

பெங்களூரிலும் பின்னர் மும்பையிலும் அவர் கல்வி பயின்றார். மும்பை புனித சேவியர் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றார். இந்திய ஆட்சிப் பணிக்குச் செல்லும் எண்ணமும் அப்போது இருந்தது. பெற்றோர் விருப்பத்திற்கிணங்கக் கட்டடக்கலை பயிலத் தொடங்கினார். அதில் மனம் ஒன்றாமையால் விட்டுவிட்டார். அவர் ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர் அல்லர். நாள்தோறும் வரைந்த ஏடுதான் அவருக்குக் கல்லூரியாக அமைந்தது.

அவர் வரைந்த படங்களைக் கண்ட நண்பர்கள் தங்களுக்கும் வரைந்து தருமாறு கேட்டனர். அஞ்சலட்டைகளில் படம் வரைந்து கொடுத்துச் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டார். தமக்காக வரைந்த கை, பிறருக்காக வரையத் தொடங்கிய இடம் இதுவே.

இதழோவியம் என்னும் பணி

இதழுக்கு வரைவது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இங்கு அறிந்துகொள்வோம். இதழாசிரியர் ஒரு கட்டுரையையோ கதையையோ ஓவியருக்கு அனுப்புகிறார். படத்தின் அளவு என்ன, எந்த நாளுக்குள் வேண்டும், ஊதியம் எவ்வளவு என்பவற்றையும் தெரிவிக்கிறார். ஓவியர் அதனை ஒருமுறைக்கு இருமுறை படிக்கிறார். எழுத்தாளர் சொன்னதையே படத்தில் திரும்பச் சொன்னால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. ஆகவே எழுத்தில் சொல்லாமல் விடப்பட்ட ஒன்றைக் காட்டும் காட்சியை அவர் தேடுகிறார். கதையில் ‘கூட்டம் கூடியது’ என்று மட்டும் இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் யார் யார் நின்றார்கள், எவர் முகத்தில் கோபம், எவர் முகத்தில் சிரிப்பு என்று காட்ட வேண்டியவர் ஓவியரே.

முதலில் பென்சிலால் முன்வரைவு ஒன்றை வரைந்து அனுப்புவார். இதழாசிரியர் திருத்தம் கூறினால் மாற்றுவார். அதன்பின் மையினால் இறுதி வடிவம் பெறும். குறித்த நாளில் படம் சென்று சேராவிட்டால் இதழ் காத்திராது. தனித்தியங்கும் ஓவியருக்கு விடுப்பு நாளுக்கு ஊதியம் இல்லை; அடுத்த மாதம் பணி வருமா என்பதற்கும் உறுதி இல்லை. தம் படத்தை எவர், எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதை எழுத்து வடிவில் முன்னரே முடிவுசெய்துகொள்வதும் அவர் பொறுப்பு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தைப் போலவே ஓவியத்துக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. எனவே இது பொழுதுபோக்கு அன்று; உழைப்பும் ஒழுங்கும் வேண்டும் தொழில்.

மும்பை தந்த மாந்தர்கள்

மரியோ விளம்பர நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். பிறகு முழுநேரமும் கேலிச்சித்திரங்கள் வரையத் தொடங்கினார். ‘கரண்ட்’, ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா’ ஆகிய இதழ்கள் அவர் படங்களை வெளியிட்டன. அலுவலகச் செயலாளர் மிஸ் ஃபொன்சேகா, திரைப்பட நடிகை மிஸ் நிம்புபானி போன்ற அவர் படைத்த மாந்தர்கள் வாசகர்களுக்கு அண்டைவீட்டார் போல நெருக்கமாயினர்.

அக்கால நாளிதழ்த்தாள் மட்டமானது. மெல்லிய நிறவேறுபாடுகள் அதில் கலங்கிவிடும். கரிய மையினால் இட்ட தெளிவான கோடு மட்டுமே அச்சில் நன்றாக விழும். மரியோவின் கோடுகள் அத்தகையவை. நிழலைக் கூட நெருக்கமான சிறு கோடுகளால் காட்டினார். அவர் வரைந்த சந்தையிலோ திருமண விருந்திலோ ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது முகங்களும் வெவ்வேறானவை. காலடியில் ஒரு நாய், மரக்கிளையில் ஒரு காகம் என்று உயிரினங்களும் விடுபடுவதில்லை. நாட்குறிப்பில் பல ஆண்டுகள் மனிதர்களை உற்றுநோக்கி வரைந்த பழக்கம் இங்கே அவருக்குக் கைகொடுத்தது.

கடல் கடந்து

1959ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் அறக்கட்டளை அவருக்கு உதவித்தொகை அளித்தது. அதனால் ஓராண்டு லிஸ்பன் நகரில் தங்கினார். பின்னர் இலண்டன் சென்றார். அங்கே நிலையான வேலை ஏதும் அவருக்குக் காத்திருக்கவில்லை. கிடைத்த பணிகளைச் செய்தார், இதழ்களுக்கு வரைந்தார், தொலைக்காட்சிக்கான அசைவூட்டப் படப் பணியிலும் ஈடுபட்டார். சில ஆண்டுகளுக்குப்பின் மும்பைக்குத் திரும்பி, நாளிதழ்ப் பணியில் சேர்ந்தார். புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியர் ஆர்.கே. இலட்சுமணும் அங்கே பணியாற்றினார்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டார். ‘பீநட்ஸ்’ என்னும் படக்கதையைப் படைத்த சார்லஸ் சூல்ஸை அங்கே சந்தித்தார். ஜெர்மனிக்குச் சென்றபோது அந்நாட்டின் பனிக்காலத்தை வரைந்தார். அப்படங்கள் நூலாக வெளிவந்தன. எந்நாடு சென்றாலும் தெருவோரத்தில் அமர்ந்து அங்குள்ள மக்களின் நடையையும் உடையையும் உற்றுநோக்கினார்.

தமக்கென வரைந்தவை

இவ்வளவு பணிகளுக்கிடையிலும் மரியோவின் மனம் லூட்டோலிமை விட்டு அகலவில்லை. கோவாவின் பழைய வீடுகள், தேவாலயத் திருவிழாக்கள், மீன் விற்கும் பெண்கள், உணவு விடுதியில் அரட்டையடிக்கும் முதியவர்கள் ஆகியோரை அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். அவற்றுட் பல எந்த இதழாசிரியரும் கேட்டு வரைந்தவை அல்ல.

அவர் இளமையில் வரைந்த நாட்குறிப்புகளுள் 1949, 1950, 1951ஆம் ஆண்டுகளுக்குரியவை பல ஆண்டுகளுக்குப்பின் நூல்களாக அச்சேறின. வரைந்த காலத்தில் அவை வெளியிடுவதற்கென வரையப்பட்டவை அல்ல. இன்றோ, 1961ஆம் ஆண்டுக்கு முந்திய கோவாவில் மக்கள் எப்படி உடுத்தினார்கள், எப்படிக் கூடிக் களித்தார்கள் என்பதை அறிய விரும்புவோர் அந்த ஏடுகளைப் புரட்டுகின்றனர். அரசு ஆவணங்களில் ஆட்சி மாற்றம் பதிவாகியிருக்கும். ஓர் ஊரின் சிரிப்பு அவற்றில் பதிவாகியிராது. அதனை ஓர் இளைஞரின் ஏடு காத்து வைத்தது.

பணியும் படைப்பும் தனித்தனியே நிற்கவில்லை என்பதை நாம் இங்கு உணர்ந்துகொள்ள வேண்டும். நாட்குறிப்பில் பழகிய கை, இதழ்ப் பணியை விரைவாகவும் உயிரோட்டத்துடனும் முடித்தது. இதழ்ப் பணி தந்த ஊதியம், தமக்கென வரையும் பொழுதைத் தந்தது. கேட்டதை மட்டுமே வரைந்திருந்தால் அவர் கோடு நாளடைவில் உயிரற்றுப் போயிருக்கும். விரும்பியதை மட்டுமே வரைந்திருந்தால் வாழ்க்கை நடத்துவது அரிதாகியிருக்கும்.

ஊர் திரும்புதல்

முதுமையில் மரியோ லூட்டோலிம் வீட்டுக்கே திரும்பினார். அங்கிருந்தபோதும் மும்பை இதழ்களில் அவர் படங்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1988இல் பத்மஸ்ரீ விருதும் 2002இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் லூட்டோலிமில் காலமானார். மறைவுக்குப்பின், 2012இல் பத்மவிபூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது. மும்பை கொலாபா பகுதியிலுள்ள மொண்டேகர் உணவகத்தின் சுவர்களில் அவர் ஓவியங்களை இன்றும் காணலாம். சுவரில் வரைந்த சிறுவனின் கோடுகள் மறுபடியும் சுவருக்கே வந்து சேர்ந்தன.

மாணவர்களே, நம்மில் பலர் பெற்றோரின் ஊரைக் கோடை விடுமுறையில் மட்டுமே காண்கிறோம். பத்து நாள்கள் தங்குகிறோம், திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை செல்லும்போது தெருமுனைத் தேநீர்க் கடை இருப்பதில்லை, திண்ணை இடிக்கப்பட்டிருக்கிறது. நாம் வாழும் நகரமும் அவ்வாறே மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஊர்களையும் பார்ப்பது நமக்குக் கிடைத்த பேறு. பார்த்ததை ஓர் ஏட்டில் வரைந்து வைத்தால், அவை மாறிய பின்னும் நம்மிடம் இருக்கும். அழகாக வரையத் தெரிய வேண்டுமென்பதில்லை. உற்றுநோக்கத் தெரிந்தால் போதும்.

அருஞ்சொற்பொருள்

ஏடு – குறிப்பு எழுதும் நூல்
முன்வரைவு – இறுதிப் படத்துக்கு முன் வரையும் மாதிரி
கேலிச்சித்திரம் – நகைச்சுவையாகக் கருத்தை உணர்த்தும் படம்
அசைவூட்டப் படம் – வரைந்த உருவங்கள் அசைவது போலக் காட்டும் படம்
பதிப்புரிமை – படைப்பின் மீது படைத்தவருக்குள்ள உரிமை
பேறு – பெறுதற்கு அரிய நன்மை

இலக்கணம் அறிவோம்

‘அன்று’ என்பது ஒன்றன்பாலுக்கும், ‘அல்ல’ என்பது பலவின்பாலுக்கும், ‘அல்லர்’ என்பது பலர்பாலுக்கும் உரியவை. ஒருவரை மதிப்புடன் குறிக்கும்போதும் ‘அல்லர்’ என்றே எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டு:
இது பொழுதுபோக்கு அன்று.
அவை வெளியிடுவதற்கென வரையப்பட்டவை அல்ல.
அவர் ஓவியக் கல்லூரியில் பயின்றவர் அல்லர்.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மரியோவின் முன்னோர் ஊர் ______.
2. மரியோ கல்லூரியில் பட்டம் பெற்ற பாடம் ______.
3. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஆண்டு ______.

ஆ. ‘அன்று’, ‘அல்ல’, ‘அல்லர்’ ஆகியவற்றுள் பொருத்தமானதை எழுதுக.
1. இவை என் புத்தகங்கள் ______.
2. அந்தப் படம் என்னுடையது ______.
3. அவர்கள் ஓவியர்கள் ______.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தனித்தியங்கும் ஓவியர் என்பவர் யார்?
2. சுவரில் வரைந்த மகனுக்குத் தாய் என்ன கொடுத்தார்?
3. நாளிதழ் அச்சுக்குக் கரிய கோடு ஏன் ஏற்றதாக இருந்தது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. இதழோவியம் உருவாகும் படிநிலைகளை விளக்குக.
2. மரியோவின் நாட்குறிப்புகள் இன்று எவ்வாறு பயன்படுகின்றன?

உ. சிந்தித்து எழுதுக.
தாய் அந்த ஏட்டைக் கொடுக்காமல் தண்டித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? உம் கருத்தை எழுதுக.

ஊ. செயல்பாடு
1. ஏழு நாள்களுக்கு நாளொன்றுக்கு ஒரு படம் வரைக. படத்தின்கீழ் ஒரே ஒரு தமிழ்த் தொடர் எழுதுக.
2. உம் சொந்த ஊர்த் தெருவை நினைவிலிருந்து வரைக. பின்னர்த் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, நீர் வரையாமல் விட்டவற்றைக் கேட்டுச் சேர்க்க.